அக்கா எழுதிய எடை

அக்காவின் முதலாம் ஆண்டுத் திருப்பலிக்குச் சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மலையேறி வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும், எஸ்டேட்டில் எங்களோடு கூட வேலை பார்த்தவர்களுக்கும், தங்கை எழுதுகிற வணக்கம்.

நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான் படித்தவள். நாலு பேர் முன்னால் பேச வராது. ஜெபக் கூட்டத்தில்கூட உதடு மட்டும் அசையும். அக்கா மகள் வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டு வந்து, "சித்தி, அம்மாகூடப் பொறந்ததுல மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தானுங்க. ரெண்டு பக்கம் நல்லதா எழுதிக் குடுங்க" என்றாள். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. நல்லதாக மட்டும் எழுதவும் முடியவில்லை. எழுத்துப் பிழைகளை அச்சகத்தார் திருத்திக்கொள்ளட்டும். வேறு எதையும் திருத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா பிறந்தது குப்பனூர்ப் பாதையில் பாதி மலையில் இருந்த ஒரு காப்பி எஸ்டேட்டின் லைன் வீட்டில். அப்பா செடிகளுக்குக் கிளை வெட்டும் கவாத்து வேலை பார்த்தவர். அம்மா காப்பிப் பழம் எடுத்தவர். எங்களுக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை. அக்காவும், இரண்டு வயது இளையவளான நானும்தான் நிலைத்தோம்.

அக்காவைக் கன்னியர் மடத்து விடுதியில் சேர்த்து எட்டாவது வரை படிக்க வைத்தார்கள். என்னையும் சேர்க்கத்தான் கூட்டிப் போனார்கள். சிஸ்டர் பேர் கேட்டதும் நான் அம்மாவின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். "அடுத்த வருஷம் வரட்டும்" என்றார்கள். அடுத்த வருஷமும் அதே கதைதான். தப்பு என்னுடையது. இருந்தாலும் லீவுக்கு அக்கா நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக வந்து இறங்கும்போது எனக்கு வயிற்றுக்குள் தீப் பற்றியது போல இருக்கும். அந்தத் தீ அப்போது பற்றியதுதான். இன்று வரைக்கும் முழுதாக அணையவில்லை. அக்காவைப் பற்றி எழுத வந்த இடத்தில் இதை மறைத்துவிட்டு எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அக்காவை எஸ்டேட் ஜீப் ஓட்டிய மாமாவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். என்னை அதே எஸ்டேட்டில் உரம் வைக்கிற வேலையில் இருந்தவருக்கு. இரண்டு வீடும் ஒரே லைன்தான். நடுவில் மூன்று கதவு. அக்காவுக்கு அடுத்தடுத்து இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தன. எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஒன்றும் இல்லை. ஞானஸ்நான விருந்துகளில் நான் சமையல் பக்கமே இருந்துவிடுவேன். அக்கா தேடி வந்து, எல்லார் முன்னிலையிலும் தன் பிள்ளையை என் மடியில் வைப்பார். வேறு ஒருத்தியாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். எனக்குப் பிச்சை போட்ட மாதிரி இருக்கும்.

எழுபதுகளின் நடுவில் எஸ்டேட்டில் வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள கிரச் ஒன்று வைத்தார்கள். எட்டாவது படித்த பெண் என்று அக்காவை அதற்கு ஆயாவாகப் போட்டார்கள். அந்த வருஷம்தான் மாமாவின் ஜீப் கொண்டை ஊசி வளைவில் உருண்டது. மாமா உயிர் பிழைத்தார். ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் கட்டிலை விட்டு இறங்கவில்லை. அப்போது அக்கா மூன்றாவது முறையாக உண்டாகியிருந்தார். நானும், அத்தனை வருஷம் கழித்து, உண்டாகியிருந்தேன். கிரச் வேலை ஒன்றில்தான் அக்கா வீட்டு அடுப்பு எரிந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காப்பி பூத்த மாதம் அக்காவுக்குப் பெண் பிறந்தாள். அடுத்த இரண்டாம் மாதம் எனக்கு மகன் பிறந்தான்.

எங்கள் பக்கம் பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்போம். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். பிரசவம் பார்த்த அம்மா, "சேனை ஆருங்க வெக்கறது?" என்று கேட்டார். பிள்ளையின் அப்பாவைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

என் மாமியார் சொன்னார்: "இவ அக்காளக் கூப்புடுங்க. அந்தக் கொணம் வந்தாப் போதும். ஆத்தாகாரி கொணம் வந்துச்சுன்னா எம்பட பேரன் கதவுக்குப் பின்னாடி நின்னுக்குவான்."

இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அக்கா தன் பிள்ளையைத் தோளில் போட்டபடியே வந்தார். விரலைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்துவிட்டு என்னைப் பார்த்து, "வெக்கட்டுமா கண்ணு?" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வலியில் மூடியதாக எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

முதல் மூன்று நாள் வருகிற மஞ்சள் பாலை மாமியார் கொட்டாங்கச்சியில் பீய்ச்சி வெளியே ஊற்றச் சொன்னார். அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அத்தை, அந்தப் பாலத்தான் மொதல்ல குடுக்கோணும்னு ஆஸ்பத்திரி சிஸ்டரம்மா சொல்றாங்க. நான் இவளுக்குக் குடுத்தேனுங்க. ஒண்ணும் ஆகலீங்க."

"உம்பட புள்ளைக்கு நீ என்னத்தையோ குடுத்துக்க. இந்தச் சீழுப் பாலு இவனுக்கு வேண்டாம்."

மாமியார் கெட்டவர் இல்லை. அவருக்கு அவர் மாமியார் சொல்லிக் கொடுத்ததைச் செய்தார். பேரனுக்குக் கழுதைப் பால் வேண்டும் என்று மாமனாரைக் குப்பனூருக்கே இறங்கிப் போக வைத்தார். வாய் திறந்து, "அக்கா சொல்றபடி குடுக்கறேனுங்க" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாமியாருக்குப் பயந்து சொல்லாமல் இருந்தேன் என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது இல்லை. அக்கா சொன்னதால்தான் செய்யவில்லை.

மூன்று மாதத்தில் நான் வேலைக்குத் திரும்பினேன். காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் மணி அடிப்பார்கள். பால் கொடுக்கிற பெண்கள் காட்டிலிருந்து கிரச்சுக்கு ஓடி வர வேண்டும். நான் வேலை பார்த்த மலை தூரம். வந்து சேர்ந்ததும் உடனே கொடுக்கவும் கூடாது. வெயிலில் நின்ற மார்பில் இருப்பது சூட்டுப் பால், குடித்தால் பிள்ளைக்குக் கழியும் என்று முதலில் கொஞ்சம் பீய்ச்சிவிட்டு, பச்சைத் தண்ணீரில் கழுவி, ஆறவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் லைனில் எல்லோரும் பிடித்த வழக்கம். அதற்கும் மேலே என் கூச்சம். மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே கொடுப்பார்கள். நான் மூலைக்குப் போய், முந்தானையை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு திரும்பி உட்காருவேன். "ஏம்புள்ள, அங்க ஆரு உன்ன போட்டோப் புடிக்கறாங்க?" என்று கேலி செய்வார்கள். பிள்ளை நாலு வாய் இழுப்பதற்குள் திரும்பவும் மணி அடித்துவிடும். குடிக்கக் குடிக்கத்தான் ஊறும் என்று அக்கா சொன்னார். எனக்கு நாளுக்கு நாள் வற்றியது. அக்காவுக்கோ ரவிக்கை நனையும்.

அக்கா அந்த கிரச்சில் இன்னொரு காரியமும் செய்தார். பல் முளைக்காத பிள்ளைக்குச் சோறு கொடுத்தால் மாந்தம் வரும் என்பது மாமியார்களின் சட்டம். அக்கா ஆறு மாதப் பிள்ளைகளுக்கே கேழ்வரகை ஊற வைத்து, ஆட்டி, பால் எடுத்துக் காய்ச்சிக் கொடுப்பார். மலைவாழைப்பழத்தை விரலால் மசித்து ஊட்டுவார். வயதான அம்மாக்கள் யாராவது பாதையில் வருவது தெரிந்தால் உதவிக்கு இருந்த பெண்ணிடம், "கெழவிங்க வாராங்க, புள்ளைங்க வாயத் தொடை!" என்பார். உள்ளே பன்னிரண்டு பிள்ளைகள் சுத்தமான வாயோடு பசியில்லாமல் சிரித்துக்கொண்டு கிடக்கும். வந்த அம்மாக்கள், "பாத்தியா, தாய்ப்பாலு ஒண்ணுலயே எப்புடி இருக்குதுங்க" என்று பெருமையாகத் திரும்பிப் போவார்கள். தாய்மார்களுக்குத் தெரியும், சொல்ல மாட்டார்கள்.

"எம் புள்ளைக்கு மட்டும் வேண்டாங்க" என்று அக்காவிடம் சொன்னவள் நான் ஒருத்திதான். அக்கா கையில் சாப்பிட்டு வளர்ந்தான் என்று பேர் வருவதைவிட, அவன் என் பாலை மட்டும் குடித்து மெலிவாக இருப்பது மேல் என்று எனக்குத் தோன்றியிருந்தது. அப்படித் தோன்றியது என்று இப்போதுதான் தெரிகிறது.

ஒரு நாள் மணி அடித்து ரொம்ப நேரம் கழித்து மூச்சு வாங்க உள்ளே வந்தேன். அக்கா மடியில் என் மகன் கிடந்தான். கண்ணை மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தான். என்னிடம் அவன் ஒரு நாளும் அப்படிக் குடித்ததில்லை.

"என்னுங்கக்கா இது?"

"அழுதுட்டே இருந்தான் கண்ணு. நெஞ்சு காஞ்சு போச்சு. உன்னையுங் காணல, அதான்..."

"எம் புள்ளைய எங்கிட்டக் குடுங்க."

வாயிலிருந்து பிடுங்கினேன். அவன் முகமெல்லாம் பால். வீறிட்டு அழுதான். சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு என் கூச்சம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"இனிமே நான் சொல்லாம இவனுக்குப் பாலு குடுக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"இதுக்கெல்லாமா சத்தியம்? நீ சொல்லாம குடுக்க மாட்டேன். போதுமா சாமி?" என்று அக்கா ரவிக்கையைப் பூட்டிக்கொண்டார். சொன்ன சொல்லை அவர் காப்பாற்றியதுதான் எனக்குத் தண்டனையாக வந்தது.

அந்தப் பழ சீசனில்தான் சிஸ்டரம்மா மாதம் ஒரு தரம் வந்து பிள்ளைகளை நிறுக்க ஆரம்பித்தார். பிள்ளையை நிறுத்தால் கண் படும், ஒரு பிள்ளை உட்கார்ந்த பையில் இன்னொன்று உட்கார்ந்தால் தோஷம் ஒட்டும் என்று பெண்கள் முரண்டு பிடித்தார்கள். அக்கா ஒரு வழி சொன்னார். அவரவர் பிள்ளைக்கு அவரவரே காப்பிச் சாக்கில் பழைய துணி வைத்து ஒரு பை தைத்துக்கொள்ள வேண்டியது. வாசல் உத்தரத்தில் தொங்கிய தராசுக் கொக்கியில் பையோடு மாட்டினால், சாக்குக்குக் கால் கிலோ கழித்து சிஸ்டரம்மா எடையைச் சொல்வார். அக்கா கார்டில் புள்ளி வைத்து எழுதுவார். கார்டில் மேலே பச்சைக் கோடு, கீழே சிவப்புக் கோடு. சிவப்புக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்குப் பால் பவுடரும், தினம் ஒரு முட்டையும், மாதம் ஒரு தரம் ஆஸ்பத்திரியும்.

அக்கா மகளின் புள்ளி பச்சைக்கு மேலே ஏறி நின்றது. என் மகனுடையது சிவப்புக்குக் கீழே.

"ஏனுங்க, ஒரு வயித்துல பொறந்த அக்கா தங்கச்சி புள்ளைங்களா இதுங்க? பெரியம்மா ஊட்டுது பூசணிக்கா, இது கொத்தவரங்கா!" என்று ஒருத்தி சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

பழம் எடுக்கிறவர்களுக்கு நிறுவையில் ஒரு கைவேலை தெரியும். மூட்டையை ஓடையில் ஒரு முக்கு முக்கி எடுப்போம். நடுவில் ஒரு கல்லைப் புதைப்போம். "இன்னிக்குப் பழம் கல்லு மாதிரி கனக்குதே" என்பார் எடை எழுதுகிற ரைட்டர். "மழை நல்லாப் பேஞ்சுதுங்க, அதான்" என்போம். எல்லோரும் செய்வதுதான், பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லாதது. அன்று மாலை நான் என் மகனுடைய பையின் அடியைப் பிரித்தேன். ஓடையில் பொறுக்கின தட்டைக் கற்களைப் பஞ்சோடு சேர்த்து, இரண்டு துணிக்கு நடுவில் வைத்துத் தைத்தேன். தையல் எனக்கு நன்றாக வரும். அக்காவைவிட எனக்கு நன்றாக வருவது அது ஒன்றுதான்.

அடுத்த மாதம் என் மகன் சிவப்புக் கோட்டைத் தாண்டினான். சிஸ்டரம்மா என் கன்னத்தைத் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் கோடு மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டுமே. மாதா மாதம் கூடக் கொஞ்சம் கல் வைக்க வேண்டியதாயிற்று. பிள்ளை வளரவில்லை, கல்தான் வளர்ந்தது. சிவப்புக் கோட்டுக்கு மேலே போய்விட்டதால் அவனுக்குப் பால் பவுடரும் இல்லை, முட்டையும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை.

நாள் முழுக்க அவனைத் தூக்கி வைத்திருந்த அக்காவின் கைக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு நிறுவை நாளில் பேனாவை எடுத்தவர் எழுதாமல் நின்றார்.

"கண்ணு, முள்ளு தப்பாக் காட்டுதோ என்னமோ. பையில்லாம இன்னொருக்கா நிறுத்துப் பாக்கலாமா?"

நான் எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "ஏனுங்கக்கா, எம் புள்ளை ஏறுனா உங்களுக்குப் பொறுக்கலீங்களா?"

யாருக்குப் பொறுக்கவில்லை என்று இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். அக்காவின் முகம் செத்துப் போயிற்று. தலையைக் குனிந்து, சிஸ்டரம்மா சொன்ன எடையை எழுதினார்.

சேர்வராயன் கோயில் திருவிழாச் சமயம். கோடை மழை பிடித்துக்கொண்டது. பதினோரு மாதமான என் மகனுக்குக் கழிச்சல் கண்டது. வயிற்றுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று மாமியார் பாலையும் தண்ணீரையும் நிறுத்திவிட்டார். கசாயம் மட்டும் ஒரு சங்கு. இரண்டாம் நாள் அவனுக்கு அழக் கண்ணீர் வரவில்லை. உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. அக்கா வந்து பார்த்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. தன் மகளை இடுப்பிலிருந்து இறக்கிப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, என் மகனைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு, "கார்ட எடுத்துக்க, வா" என்று நடந்தார்.

பஸ்ஸில் திருவிழாக் கூட்டம் நெருக்கியடித்தது. சாமி கும்பிடப் போகிற மலைக்கார அம்மா ஒருவர் எழுந்து இடம் விட்டார். "ஏனுங்க, புள்ளைக்கு என்னாச்சுங்க?" என்று கேட்டு, கும்பிடக் கொண்டுபோன கற்பூரத்தை மடிக்குள் கைவிட்டுத் தொட்டுக்கொண்டு, "எங்க சாமி உங்க புள்ளையையுங் காப்பாத்துமுங்க" என்றார். அவர் யாரென்று தெரியாது. இருந்தால் நல்லா இருக்கட்டும்.

ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா அவனை வெறும் உடம்போடு நிறுத்தார். கார்டைப் பார்த்தார். மறுபடியும் நிறுத்தார்.

"கார்டுல ஏழரைக் கிலோ. பிள்ளை ஆறுகூட இல்லை. இதை எழுதினது யாரு?"

நான் நின்றேன். 

"நான்தானுங்க" என்றார் அக்கா.

"நிறுத்துப் பார்த்து எழுதினியா, நிறுக்காமலேயே எழுதினியா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "தப்பா எழுதிட்டேனுங்க" என்றார்.

டாக்டரம்மா திட்டிய திட்டு வாசல் வரைக்கும் கேட்டது. ஒரு பிள்ளையின் உயிர் என்று அவர் கோபப்பட்டது நியாயம்தான். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கச் சொன்னார். தாய்ப்பால் விடாமல் கொடுக்க வேண்டும் என்றார். எனக்குச் சுத்தமாக வற்றிப் போயிருந்தது. பக்கத்தில் அக்கா, ரவிக்கை நனைந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் மகன் அந்த வாசனைக்குத் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினான். அக்கா தொடவில்லை.

"கண்ணு, நீ சொன்னாத்தான் குடுப்பேன்" என்றார்.

உடனே சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. பிள்ளை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போதும், இவரிடமா கொடுக்க வேண்டும் என்று எனக்குள் ஒன்று கையைப் பிடித்து இழுத்தது. கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தை ஆண்டவர் என்னிடம் ஒரு நாள் கேட்பார்.

"குடுங்கக்கா" என்றேன்.

அவன் பிழைத்தான். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அக்கா தன் மகளை இன்னொரு மார்புக்குக் கொண்டுவரவில்லை. பால் ஒரே ஆளுக்குத்தான் போதும் என்று, பதின்மூன்று மாதப் பிள்ளைக்கு வேப்பெண்ணெய் தடவிப் பாலை மறக்கடித்துவிட்டார். அவள் கத்திக் கத்தி ஓய்ந்தாள். பாலுக்கு ஏங்கி வற்றிப் போகிற பிள்ளையைச் சவலை என்போம். பூசணிக்காய் மாதிரி இருந்த பிள்ளை சவலை பாய்ந்து, காலும் கையும் குச்சியாகி, இரண்டு வயது கழிந்துதான் தேறினாள். என் மகன் ஆறு மாதம் அக்காவிடம் குடித்தான். அவன் கோடு உண்மையாகவே மேலே போயிற்று.

அக்காவின் வேலை போயிற்று. நிறுக்காமல் எழுதிய ஆயா என்று எஸ்டேட் துரை அவரைப் பழக்காட்டுக்கு அனுப்பினார். நான் நிறுத்துச் சொன்னதைத்தான் எழுதினாள் என்று சிஸ்டரம்மா சொன்னதற்கு, அவளே ஒப்புக்கொண்டாளே என்றாராம். மாமா கட்டிலில். இரண்டு சீசன் அக்கா பழம் எடுத்தார். அட்டை கடித்த காலோடு என்னைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போவார். "புள்ளை குடிச்சானா?" என்பார். அவ்வளவுதான். சிஸ்டரம்மா மன்றாடித்தான் பிறகு அவரைத் திரும்பக் கிரச்சுக்கு எடுத்தார்கள். நான் துரையிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூச்சம் என்று சொல்லிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு நான் பையைத் தேடினேன். காணவில்லை. நாலு நாள் கழித்து அக்கா அதைத் துவைத்து மடித்துக் கொண்டு வந்து என் கொடியில் போட்டுவிட்டுப் போனார். அடியில் ஒற்றைத் துணி. புதுத் தையல். அக்காவின் தையல், கோணல் மாணலாக. கற்களைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

என் மகன் வளர்ந்தான். படித்தான். சேலத்தில் வேலை கிடைத்தது. சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினால் கால் முதலில் பெரியம்மா வீட்டுக்குத்தான் போகும். அக்கா அவனை வாசலிலேயே மடக்கி, "போ, போ, மொதல்ல உங்கம்மா கையில சாப்புட்டு வா" என்று விரட்டுவார். விரட்டி அனுப்பின பிள்ளைக்குச் சோறு போடுகிறவளுக்கு எப்படி இருக்கும்? பொறுமைசாலி, பிறர் குற்றத்தை வெளியே சொல்ல மாட்டான் என்று ஊரில் அவனைப் புகழ்வார்கள். "சேனை வெச்ச கை அப்புடி" என்பார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டுவேன்.

கடைசியில் அக்காவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. கஞ்சி மட்டும்தான் இறங்கும். நான் ஊட்டினால் இரண்டு வாயில் தலையைத் திருப்பிக்கொள்வார். என் மகன் ஊட்டினால் கிண்ணம் காலியாகும். அப்போது எனக்கு யார் மேல் பொறாமை வந்தது தெரியுமா? என் மகன் மேல். வாழ்நாளில் ஒரு தரம் அக்காவுக்கு நான் ஒன்று கொடுக்க வந்தால், அதற்கும் நடுவில் ஒரு ஆள்.

அவன் இல்லாத ஒரு மத்தியானம் தைரியம் பண்ணிக்கொண்டு, "அக்கா, அந்தப் பை..." என்றேன்.

"எந்தப் பை கண்ணு?" என்றார் அக்கா.

உண்மையாகவே மறந்துவிட்டாரா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவ எடுத்துப் போனேன். அடுத்த வாரம் போய்விட்டார்.

அடக்கத்தன்று, லைனில் எங்களோடு இருந்த ஒரு அம்மா, மாலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "தங்கமான மனுசி. நொம்ப நல்லவ. அந்தப் புள்ளை கார்டுல நிறுக்காம எழுதுனது ஒண்ணுதான் குத்தம்." பெட்டிக்குள் அக்கா. பெட்டிக்கு வெளியே நான். அப்போதும் சும்மா இருந்தேன்.

அதனால்தான் இதை எழுதினேன். அக்கா நிறுக்காமல் எழுதவில்லை. முள் காட்டிய எடையைத்தான் எழுதினார். பொய் என்னுடையது. இனி அவரை யாரும் அப்படிச் சொல்லக் கூடாது என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவின் நோய்க்காலத்தில் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும், நற்கருணை கொண்டு வந்த பங்குத்தந்தைக்கும், கல்லறைத் தோட்டம் வரை மழையில் பெட்டி சுமந்த எஸ்டேட் பிள்ளைகளுக்கும், துக்க வீட்டுக்கு மூன்று நாள் சோறு ஆக்கி அனுப்பிய லைன் வீட்டுக்காரர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. ஒரு காலத்தில் எங்களுக்குப் பஸ்ஸில் இடம் விட்ட அந்த மலைக்கார அம்மாவுக்கும்.

கடைசி நன்றி அக்கா மகளுக்கு. இதை மட்டும் அச்சுக்குப் போகும் முன் பிறகு சேர்க்கிறேன். எழுதி முடித்ததை அவளிடம்தான் முதலில் கொடுத்தேன். வாசித்துவிட்டுத் தாள்களை அடுக்கினாள். பிறகு, "எனக்குப் பாலு மறக்கடிச்சது இதுக்குத்தானுங்களா சித்தி?" என்றாள். ஆமாம் என்றேன். "சரிங்க. அச்சுக்குக் குடுத்தர்றேன். அதுக்கு முன்னால தம்பிகிட்ட நீங்களே காட்டீருங்க" என்றாள்.

காட்டினேன். படித்துவிட்டு என் மகன் ஒன்றுதான் கேட்டான்: "பெரியம்மா தப்பா எழுதிட்டேன்னு சொன்னப்ப நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

"பக்கத்துலதான் நின்னேன் சாமி."

மூன்று வாரமாக அவன் என் வீட்டில் கை நனைக்கவில்லை. சனிக்கிழமை வந்தால் நேராக அக்கா வீட்டுக்குப் போகிறான். விரட்டி அனுப்ப அங்கே இப்போது யாரும் இல்லை. அக்கா மகள்தான் இலை போட்டுப் பரிமாறுகிறாள். மூன்று கதவு தள்ளி எனக்குக் கரண்டிச் சத்தம் கேட்கிறது. பொறாமையாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வயிறு நிறையப் போடு, கண்ணு.

இப்படிக்கு,
தங்கை